வெங்காயத் தெருவில் கண்ணீர்ச் சோதனை

எங்கள் ரெட்லிங்கன் ஊருக்குச் சூனிய ஒழிப்பு ஆணையம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் பொறாமை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஆணையம் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி, சூனியக்காரிகளை எரிக்கச் சந்தை நடுவில் விறகு அடுக்கி, பிஷப்பின் கொடி பறக்க எல்லாவற்றையும் முறைப்படி நடத்திவிட்டுப் போயிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் இங்கே வரும்போதெல்லாம், "உங்க ஊருக்கு இன்னும் வரலையா?" என்று விசாரித்தார்கள். கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறவனிடம் கேட்கிற அதே குரல். எங்கள் நகரசபைக்கு அது பெரிய மானக்கேடாகப் போயிற்று. அந்த வருஷம் மே மாதத்தில் உறைபனி விழுந்து பாதிப் பயிர் கருகியதும், கிடைத்தது சாக்கு என்று சபை கூடி, இது சூனிய வேலை என்று பிஷப்புக்கு மனுப் போட்டது. எங்கள் நாட்டை ஆள்கிறவரே பிஷப்தான். அவர் உடனே சம்மதித்தார். உறைபனிக்கு நிவாரணம் கேட்டிருந்தால் இத்தனை சீக்கிரம் பதில் வந்திருக்காது.

நாங்கள் வெங்காயக்காரர்கள். தாள் நன்றாக வளர்ந்ததும் பாதத்தில் பலகையைக் கட்டிக்கொண்டு வயலில் நடப்போம். மிதித்துச் சாய்த்தால்தான் அடியில் வெங்காயம் பருக்கும். எங்கள் பெண்கள் பேசப் பழகும் முன்னாலேயே வெங்காயம் உரிக்கப் பழகியவர்கள். அதனால் கண்ணீர் என்கிற சமாசாரம் எங்கள் தெருவில் கொஞ்சம் கம்மி. சாவு வீட்டில் மாரில் அடித்துக்கொள்வோம், மூக்கைச் சிந்துவோம், இறந்தவனின் குடியைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்வோம். கண் மட்டும் நனையாது. அதை ஒரு குறை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கவனித்ததுகூட இல்லை.

ஆணையம் வந்த அன்றே முரசறைந்து ஒரு சட்டம் சொன்னார்கள். சூனியக்காரிக்காக எவன் அழுகிறானோ அவனும் சூனியத்துக்கு உடந்தை. அவனுக்கும் அதே தண்டனை. எங்கள் தெரு அதைக் கேட்டுச் சிரித்தது. இந்தச் சட்டம் நம்மை ஒன்றும் செய்யாது என்று நிம்மதியாக வயலுக்குப் போனோம்.

ஆணையத் தலைவர் டாக்டர் வோல்மர். வைத்தியர் இல்லை, சட்டத்தில் டாக்டர். ஒல்லியான, சுத்தமான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அவருக்கு உதவி ஆணையர் லின்ஹார்ட், அவர் பெஞ்சில் உட்காருவதற்கென்றே பிறந்தவர். இவர்கள் நகரசபை மாடியில் தங்கினார்கள். சமையலுக்கு ஆள் வேண்டும் என்றதும், சபை என் தங்கச்சி ஒட்டிலியாவை அனுப்பியது. வெங்காயமும் பன்றிக் கொழுப்பும் பரப்பி அவள் சுடுகிற அப்பத்துக்கு ஊரில் நல்ல பேர். அவள் புருஷன் எண்ட்ரஸுக்கு அதில் ஒரே பெருமை. எண்ட்ரஸ் நல்லவன். பெரியவர்களிடம் விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிற ரகம். அவனை வேறு எப்படிச் சொல்வது?

முதல் நாளே டாக்டர் வோல்மர் அடுப்படிக்கு இறங்கி வந்தார். சாத்தான் உணவு வழியாகத்தான் முதலில் நுழைகிறானாம்; அதனால் மேற்பார்வை. ஒட்டிலியா ஒரு கூடை வெங்காயத்தை அரிந்து குவித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் குனிந்து பார்த்தார். அடுத்த நிமிஷம் அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. ஒட்டிலியா தலை நிமிர்ந்து, "கண்ணைக் கசக்காதீங்கய்யா, இன்னும் எரியும்" என்றாள். அவர் கர்ச்சீப்புக்குள்ளிருந்து அவளை உற்றுப் பார்த்தார். அவள் கண் காய்ந்து கிடந்தது.

"பெண்ணே, நீ ஏன் அழவில்லை?"

"எதுக்கு அழணும்?" என்றாள் என் தங்கச்சி.

இந்த இரண்டு வார்த்தைதான் அவள்மேல் குற்றச்சாட்டு. சேவகர்கள் வந்து அவளை நிலவறைக்குக் கொண்டுபோனார்கள். அவள் அடுப்பில் வைத்துவிட்டுப் போன அப்பத்தை ஆணையம் சாப்பிட்டது. நன்றாக இருந்ததாம். லின்ஹார்ட் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாராம்.

சோதனையை மேல்மண்டபத்தில், ஊரைக் கூட்டி வைத்து நடத்தினார்கள். அவள் பார்வை முதலில் டாக்டர்மேல் பட்டுவிடக் கூடாதென்று ஒட்டிலியாவைப் பின்பக்கமாக நடத்திக் கூட்டி வந்தார்கள். வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். விழுந்ததையும் குறித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். பிறகு அவள் தலையில் கை வைத்து, "ஆண்டவர் சிலுவையில் சிந்திய கண்ணீரின் பேரால் ஆணையிடுகிறேன். நீ குற்றமற்றவளானால், அழு" என்றார்.

மண்டபம் முழுக்க அவள் கண்ணையே பார்த்தது. பாவம், அவள் முயற்சி செய்தாள். உதட்டைப் பிதுக்கினாள், கண்ணை இறுக்கி மூடினாள், செத்துப்போன எங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டாளாம். ஒரு சொட்டு வரவில்லை. சாயங்காலம் விரல் திருகியைக் கொண்டுவந்தார்கள். ஆணையம் அதைச் சித்திரவதை என்று சொல்வதில்லை. கருணைக் கேள்வி என்று பேர். இரண்டு கட்டைவிரலும் நசுங்கும்வரை கருணை காட்டினார்கள். அலறினாள். மயங்கி விழுந்தாள். கண் நனையவில்லை. வேறு என்ன சாட்சி வேண்டும் என்று சபைக்காரர்களே தலையாட்டினார்கள்.

மறுநாள் எண்ட்ரஸ் வயலிலிருந்து நேராக ஆணையத்துக்கு ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். அவசரத்தில் காலில் கட்டிய பலகையை அவிழ்க்க மறந்துவிட்டான். மாடிப்படியில் டக் டக்கென்று சத்தம் கேட்டதும் லின்ஹார்ட் பெஞ்சுக்குக் கீழே போய்விட்டார். சாத்தானின் குளம்பு என்று நினைத்துக்கொண்டாராம். அவரை வெளியே எடுத்து உட்கார வைத்தபிறகுதான் விசாரணை தொடங்கியது.

எண்ட்ரஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவனால் முடிந்த அளவு பொறுமையாகச் சொன்னான். "ஐயா, எங்க தெருவுல யாருக்குமே அழ வராதுங்கய்யா. வெங்காயம் உரிச்சு உரிச்சு மரத்துப்போச்சு. வேணும்னா யாரை வேணாலும் கூப்பிட்டுச் சோதிச்சுப் பாருங்க."

டாக்டர் வோல்மர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் உண்மையான அக்கறை.

"உங்கள் தெரு முழுவதுமா?"

"முழுக்கத்தானுங்க."

"நல்ல மனிதா, நீ சொன்னதற்கு நன்றி. வெங்காயம் கண்ணீரை வரவழைக்கும் என்பது இயற்கை நியமம். அதை நான் என் கண்ணாலேயே நிரூபித்திருக்கிறேன். ஒரு தெருவே அந்த நியமத்துக்கு அடங்கவில்லை என்றால் அங்கே யாருடைய ஆட்சி நடக்கிறது? ஆனால் பயப்படாதே. எங்களுக்கு இந்த வருஷத்துக்கு அனுமதி ஒரு விறகு அடுக்குக்குத்தான். உங்கள் தெருவை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறோம்."

திரும்பி வரும் வழியில் எண்ட்ரஸ் என்னைக் கேட்டான்: "மச்சான், நான் சரியாத்தானே எடுத்துச் சொன்னேன்?" எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. பலகையை அவிழ்டா என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம்தான் ஆஃப்ராவிடம் போனோம். ஆஃப்ரா தோல் பதனிடும் தொட்டிகளுக்கு அப்பால் தனியாக இருந்தாள். அவள் சூனியக்காரி. எங்கள் ஊரில் சூனியக்காரி வீடு எது என்று கேட்டால் நாய்கூடக் காட்டும். காணாமல்போன மாட்டைச் சொல்வாள், பன்றிக்குச் சீக்கு வந்தால் ஊதிச் சரிப்படுத்துவாள், வியாழக்கிழமைகளில் தேவாலயக் கோபுரத்தைச் சுற்றிப் பறப்பாள். ஆணையம் யாரிடமும் அவள் வீட்டைக் கேட்கவில்லை. நாங்களாகச் சொல்லவும் இல்லை. பன்றிகளை யார் பார்ப்பது?

அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. எதற்கெடுத்தாலும் அழுவாள். கல்யாணத்துக்கு அழுவாள், கோழி செத்தால் அழுவாள், சூரியன் அழகாக மறைந்தால் அதற்கும் ஒரு அழுகை. எண்ட்ரஸ் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முந்தானைத் துணி நனைந்துவிட்டது.

"அந்தப் புள்ள வருஷா வருஷம் என் வாசல்ல ஒரு சரம் வெங்காயம் தொங்கவிட்டுட்டுப் போவா. ஒரு நாளும் இது வேணும் அது வேணும்னு கேட்டதில்ல. இந்த ஊர்லயே என்கிட்ட ஒண்ணும் கேக்காத ஒரே ஆளு அவதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கடா. நான்தான் சூனியக்காரின்னு சொல்லிடுறேன். அந்த உறைபனியையும் என் கணக்குலயே போட்டுக்கட்டும். அவளை விட்டதும் நான் ஜன்னல் வழியாப் பறந்துர்றேன்."

நல்ல திட்டம்தான். ஆணையம் என்று ஒன்று இல்லாத இடத்தில் நிச்சயம் பலித்திருக்கும்.

ஆஃப்ரா மண்டபத்தின் நடுவில் நின்று தான் சூனியக்காரி என்று சொன்னாள். டாக்டர் வோல்மர், புகார் கொடுத்தவர் யார் என்று கேட்டார். நானேதான் என்றாள். சொந்தப் புகாரை ஏற்க வழியில்லை என்றார். ஆஃப்ரா பொறுமையிழந்து விரலைச் சொடுக்கினாள். லின்ஹார்ட் உட்கார்ந்திருந்த பெஞ்சு, அவரோடு சேர்ந்து, உத்தரம்வரை எழும்பியது. அவளும் எழும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் வோல்மர் அண்ணாந்து பார்த்தார். "உதவி ஆணையரே, கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. கீழே வாருங்கள்."

"முடியலைங்க" என்றார் லின்ஹார்ட் உத்தரத்தைக் கட்டிக்கொண்டு.

"அம்மா," என்றார் டாக்டர் ஆஃப்ராவிடம், "பறப்பது காற்று சம்பந்தப்பட்ட விஷயம். காற்று எங்கள் அதிகாரத்துக்குள் வராது. பறப்பவர்களையெல்லாம் சூனியக்காரி என்றால் பிறகு சோதனை எதற்கு? ஆணையம் எதற்கு? நான் எதற்கு? நீங்கள் இறங்கி வந்து முறைப்படி சோதனைக்கு உட்பட வேண்டும்."

லின்ஹார்டையும் பெஞ்சோடு இறக்கிவிட்டு அவளும் இறங்கி வந்தாள். டாக்டர் அவள் தலையில் கை வைத்து ஆணையை ஆரம்பித்து, சிலுவை என்கிற வார்த்தைக்கு வருவதற்குள் ஆஃப்ரா குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். ஒட்டிலியாவை நினைத்து அழுதாள், ஆண்டவரை நினைத்து அழுதாள், கடைசியில் தன் அழுகையை நினைத்தே அழுதாள். லின்ஹார்ட் ஒரு வெள்ளிக் கரண்டியில் கண்ணீரைப் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு கரிக்கிறது என்றார். இவள் சூனியக்காரி அல்ல, உத்தம கிறிஸ்தவப் பெண் என்று சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவமானம் அவளுக்குத் தாங்கவில்லை. "எங்கம்மா சூனியக்காரி. அவங்கம்மா சூனியக்காரி. என்னைய இல்லைன்னு சொல்ல இவன் யாருடா பெரிய வெங்காயம்?" என்று தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். பிறகு சட்டென்று நின்றாள். "கண்ணீருதானே அவனுக்கு வேணும்? என்னுதைக் குடுத்துர்றேன்."

அதற்கு ஒரு விலை உண்டு என்று அப்போதே சொன்னாள். டாக்டர் வோல்மரின் படிப்பில் எல்லாம் தலைகீழாக இருக்கிறதாம். சூனியக்காரிக்குப் பலமே அழுகையில்தான் இருக்கிறது. கண்ணீரைக் கொடுத்துவிட்டால் பறக்க வராது, ஒன்றும் வராது. வேண்டாம் என்று எண்ட்ரஸ் வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். அவன் வாயை மூடிக்கொண்டான். "பரவால்ல. முழங்கால் வலி வந்துருச்சு, எத்தனை நாளைக்குப் பறக்கிறது?" என்றாள் ஆஃப்ரா. "என்கிட்டதான் சான்றிதழ் இருக்கே. என்னைய யாரு என்ன பண்ணிருவாங்க?"

எங்கள் நல்ல நேரமோ என்னவோ, பிஷப்பின் தம்பி மகன் வேடிக்கை பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்தது. எரிப்பதற்கு முன்னால் அந்தப் புகழ்பெற்ற சோதனையையும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்றாராம். டாக்டர் வோல்மருக்குப் பூரிப்பு. சந்தை நடுவில் விறகு அடுக்கி, பக்கத்தில் மேடை போட்டு, அதில் சோதனையை மறுபடி நடத்திக் காட்டுவது என்று முடிவாயிற்று. நகரசபை பீப்பாய் பீப்பாயாகப் பியர் இறக்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களை மறக்காமல் அழைத்தார்கள்.

அன்று காலை ஒட்டிலியாவைச் சந்தை வழியாகப் பின்பக்கமாக நடத்தி வந்தார்கள். கூட்டத்தில் அவள் தோள் ஆஃப்ராவின் மேல் பட்டது. ஆஃப்ரா அவள் நெற்றியை ஒருமுறை தொட்டாள். அவ்வளவுதான். வேறு மந்திரம் மாயம் எதையும் நான் பார்க்கவில்லை.

மேடையில் டாக்டர், "அழு" என்று சொல்லி வாயை மூடவில்லை, என் தங்கச்சி கண்ணிலிருந்து தண்ணீர் பெருகியது. அவளே திகைத்துப்போனாள். நசுங்கின கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "அண்ணே, இது என்னண்ணே?" என்று மேடையிலிருந்தே என்னைக் கேட்டாள். லின்ஹார்ட் கரண்டியோடு ஓடினார். உப்பு.

டாக்டர் வோல்மர் அரை நிமிஷம்தான் தடுமாறினார். பிறகு பிஷப்பின் தம்பி மகனைப் பார்த்துத் திரும்பினார். "பாருங்கள். கருணைக் கேள்வியின் பலனைப் பாருங்கள். கல்லையும் கரைத்திருக்கிறோம். ஆணையம் ஒருபோதும் தவறுவதில்லை. சில சமயம் குணப்படுத்திவிடுகிறது, அவ்வளவே." கூட்டம் கைதட்டியது. எண்ட்ரஸ் மேடைமேல் ஏறி ஒட்டிலியாவைத் தோளில் சாய்த்துக் கீழே இறக்கினான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அத்தோடு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கூட்டம் வழி விடவில்லை.

தம்பி மகன் கொட்டாவி விட்டார். "அப்ப இந்த விறகு?" என்று கேட்டார்.

அடுக்கிய விறகைப் பிரிப்பதற்கு ஆணையத்தின் விதிகளில் இடமில்லை. டாக்டர் வோல்மர் அதைப் பற்றி யோசிக்க நேரம் வேண்டி, இடையில் ஒரு சிறு உரை ஆற்றினார். கண்ணீரின் மகிமை பற்றி. இந்த ஊர்ப் பெண்கள் பக்தியோடு அழக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு உங்கள் நடுவிலேயே ஒரு உதாரணப் பெண் இருக்கிறாள், நானே சான்றளித்தவள் என்றார். "ஆஃப்ரா அம்மாள், மேடைக்கு வாருங்கள். எப்படி அழ வேண்டும் என்று இவர்களுக்குக் காட்டுங்கள்."

ஆஃப்ரா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகப் படியேறினாள். முழங்கால் வலிதான்.

அவள் தலையில் கை வைத்து அவர் ஆணையைச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை சொன்னார். டாக்டரின் காது சிவந்துபோனது. ஊர் முன்னால், விருந்தாளி முன்னால், தான் சான்றளித்த பெண் தன்னைக் கைவிட்டுவிட்டாளே என்கிற வருத்தம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் மடியிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினாள். "நீங்க குடுத்ததுதானேய்யா" என்றாள்.

அவர் அதை வாங்கிப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். "இந்தச் சான்றிதழ் செல்லும்" என்றார். "இது அழத் தெரிந்த ஆஃப்ராவுக்குக் கொடுத்தது. அவள் உத்தமி. நீ அவள் அல்ல." பிறகு கூட்டத்தைப் பார்த்து, சாத்தான் எவ்வளவு தந்திரமாக ஓர் உத்தமியின் உருவத்தில் வந்திருக்கிறான் என்று விளக்கினார். பிரமாதமான விளக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

அந்த ஆணையம் இந்த நாடு முழுக்கச் சுற்றி எத்தனையோ பேரை எரித்திருக்கிறது. எனக்குத் தெரிந்து அவர்கள் பிடித்த ஒரே நிஜமான சூனியக்காரி ஆஃப்ராதான். அதுவும் அவள் சூனியக்காரியாக இல்லாமல் போன பிற்பாடு.

எண்ட்ரஸ் முன்னால் பாய்ந்தான். "நான் போய் எடுத்துச் சொல்றேன் மச்சான், எல்லாத்தையும் சொல்லிர்றேன்" என்றான். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்வான். ஒட்டிலியாவையும் சேர்த்து விறகில் ஏற்றுவார்கள். நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் திமிறினான். அதற்குள் ஆஃப்ராவை விறகில் ஏற்றிப் பற்ற வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஒட்டிலியாவைப் பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து அது நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்தாள், முகத்தைத் துணியில் புதைத்தாள், நிற்கவில்லை. முரசறைந்த சட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. டாக்டர் வோல்மர் மேடையிலிருந்து இறங்கி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"இந்தப் பெண் யாருக்காக அழுகிறாள்?" என்றார்.

எண்ட்ரஸ் திமிறுவதை நிறுத்தினான். வாழ்க்கையில் பெரியவர்களிடம் ஒரு பொய் சொல்லாதவன். பைக்குள் கையை விட்டு ஒரு வெங்காயத்தை எடுத்தான். பல்லால் கடித்துத் தோலை உரித்து, ஒட்டிலியாவின் நசுங்கின கைக்குள் வைத்து, அவள் விரல்களைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டான்.

"யாருக்காகவும் இல்லைங்கய்யா. வெங்காயம்."

டாக்டர் குனிந்து முகர்ந்தார். அவர் கண்ணும் கலங்கியது. கர்ச்சீப்பை எடுத்து ஒற்றிக்கொண்டார்.

"இயல்புதான்" என்றார். "வெங்காயம் உரித்தால் யாருக்கும் வரும். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்."

திருப்தியோடு போய்விட்டார். ஆஃப்ரா புகைக்கு மேலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் காய்ந்து கிடந்தது. அவளுக்காக அந்தச் சந்தையில் சிந்திய கண்ணீர் அத்தனையும் அவளுடையது. எங்கள் தெரு கொடுத்தது வெங்காயம் மட்டும்தான்.